கலங்கலைப் படிக்கும் ஒளி

நுழையும்முன்

நீர் கலங்குவதும் தெளிவதும் அன்றாடக் காட்சிகள். அக்காட்சிகளுக்குப் பின்னே, கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் ஒன்றோடொன்று சேர்வதும் விலகி நிற்பதும் ஓயாது நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. தொட்டால் கலைந்துவிடும் அத்துகள் திரள்களை எவ்வாறு அளப்பது? அவற்றின்மீது ஒளியைப் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியைப் படிப்பதே அறிவியல் கண்ட வழி. குடிநீர்த் தூய்மை முதல் கண்ணொளிப் பாதுகாப்பு வரை பயன்படும் அவ்வழியை இப்பாடம் விளக்குகிறது.

கலங்கலும் தெளிவும்

கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்துவது தமிழர் நெடுங்காலமாக அறிந்த முறை. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை இழைத்து, அதில் கலங்கல்நீரை ஊற்றி வைத்தால், சேறு மெல்ல மெல்ல அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். தேற்றா மரத்திற்கு ‘இல்லம்’ என்னும் பெயரும் உண்டு. அம்மரத்தின் விதையால் கலங்கல்நீர் தெளிவதை, துயரால் கலங்கிய பெண்ணொருத்தி தெளிவு பெற்றதற்கு உவமையாகக் கலித்தொகை எடுத்தாள்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ் மண்ணில் பழகிய இச்செயலுக்குள் நுட்பமான அறிவியல் வினா ஒன்று பொதிந்துள்ளது. நீரில் கரையாத சேறு, தானாகவே அடியில் படியாமல் நாள்கணக்கில் மிதப்பது ஏன்?

விடை துகள்களின் அளவில் இருக்கிறது. நீரில் கொட்டப்படும் ஆற்று மணல் நொடிகளில் அடியை அடைந்துவிடும். களிமண்ணின் மிக நுண்ணிய துகள்களோ அவ்வாறு இறங்குவதில்லை. 0.1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு களிமண் துகள், அசைவற்ற நீரில் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க 100 நாள்களுக்கு மேலாகும் என்று கணக்கிடலாம். அதற்குள் நீர் மூலக்கூறுகளின் இடைவிடாத மோதல் அத்துகளை மேலும் கீழும் அலைக்கழித்துவிடும். ஏறத்தாழ 1 நானோமீட்டர் முதல் 1000 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள் இவ்வாறு ஓர் ஊடகத்தில் பரவி நிற்கும் நிலையே கூழ்மம் எனப்படும். பால், மை, குருதி, வண்ணப்பூச்சு, மூடுபனி, அடுப்புப் புகை ஆகிய அனைத்தும் கூழ்மங்களே. கூழ்மம் என்னும் கருத்திற்கு 1861ஆம் ஆண்டில் அறிவியல் வடிவம் தந்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம்.

துகளின் விட்டம் 10 மடங்கானால் அது நீரில் இறங்கும் வேகம் 100 மடங்காகும். ஆகவே சேறு படிய வேண்டுமெனில், சிறு துகள்கள் ஒன்றுசேர்ந்து பெருந்திரள்களாக வேண்டும். தேற்றாங்கொட்டை செய்வது இதனைத்தான். விதையிலிருந்து நீரில் கரையும் புரதங்களும் பலசர்க்கரைப் பொருள்களும் களிமண் துகள்களைத் தம்முடன் பிணைத்துக்கொள்கின்றன. பிணைந்தவை கனத்துப் படிகின்றன. கூழ்மத் துகள்கள் இவ்வாறு ஒன்றுகூடித் திரள்வதை வேதியியல் ‘திரிதல்’ என வழங்குகிறது. பால் திரிந்தது என்னும் வீட்டு வழக்கும் இப்பொருளையே சுட்டுகிறது.

சேரவிடாமல் தடுப்பது எது?

கூழ்மத் துகள்கள் நீரில் தறிகெட்டு அலைகின்றன. இவ்வலைவு பிரௌனியன் இயக்கம் எனப்படும். அலையும்போது அவை ஒன்றையொன்று சந்திக்கின்றன. மிக நெருங்கிய துகள்களை ஒட்டவைக்கும் கவர்ச்சி விசை ஒன்றும் உண்டு. அது வாண்டர் வால்ஸ் விசை. எனினும் பெரும்பாலான கூழ்மங்களில் துகள்கள் ஒட்டுவதில்லை. காரணம், அவை யாவும் ஒரே வகை மின்சுமையைத் தாங்கியிருப்பதே. ஒத்த சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதால், ஒட்டும் தொலைவை எட்டுவதற்கு முன்பே துகள்கள் பிரிந்துவிடுகின்றன.

இவ்விலக்கு விசையைத் தளர்த்தும் எளிய பொருள் உப்பு. உப்பிலிருந்து பிரியும் எதிர்ச்சுமை அயனிகள் துகள்களைச் சூழ்ந்து நின்று அவற்றின் மின்சுமையை மறைக்கின்றன. மறைப்பு மிகுந்ததும் துகள்கள் நெருங்குகின்றன, நெருங்கியவை ஒட்டிக்கொள்கின்றன. சேற்றைச் சுமந்துவரும் ஆறு கடலைத் தொடும் இடத்தில் களிமண் திரண்டு படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர் அயனியின் சுமை கூடக்கூட அதன் திரிக்கும் ஆற்றல் பன்மடங்காகப் பெருகும். இது ஹார்டி-சூல்ஸ் விதி எனப்படும். சுமை 1, 2, 3 கொண்ட அயனிகளில், ஒரே கூழ்மத்தைத் திரிக்கத் தேவைப்படும் செறிவுகள் ஏறத்தாழ 729 : 11 : 1 என்னும் விகிதத்தில் அமையும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. மூன்று சுமை கொண்ட அலுமினியம் அயனியைத் தரும் படிகாரம், சிட்டிகையளவிலேயே குடத்து நீரைத் தெளிவிப்பதன் பின்னணியில் இவ்வாற்றலும் உள்ளது.

நிறம் மாறிய பொன்

துகள்கள் திரள்வதை ஒளி காட்டிக்கொடுக்கும் என்பதை முதன்முதலில் தெளிவாகப் பதிவுசெய்தவர்களுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. இலண்டனிலுள்ள இராயல் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தங்கத்தின் உப்புக் கரைசலிலிருந்து மிக நுண்ணிய தங்கத் துகள்களை உருவாக்கினார். அந்நீர்மம் மாணிக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. அதில் சிறிது சாதாரண உப்பைச் சேர்த்ததும் சிவப்பு மறைந்து நீலம் தோன்றியது. பொன்னின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கியதே நிறமாற்றத்திற்குக் காரணம். ஃபாரடே தம் ஆய்வை 1857ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் உருவாக்கிய பொற்கூழ்மங்களுள் சில, இராயல் நிறுவனத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

தனித்தனியே நிற்கும் நுண்ணிய பொற்றுகள்கள் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுகின்றன. எஞ்சும் ஒளி சிவப்பாகத் தோன்றுகிறது. துகள்கள் நெருங்கியதும் அவை உறிஞ்சும் ஒளி நீண்ட அலைநீளங்களை நோக்கி நகர்கிறது. நீர்மம் நீலமாகத் தோன்றுகிறது. பொன்னுக்கு வாய்த்த இந்நிறமாற்றம் எல்லாக் கூழ்மங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் எல்லாக் கூழ்மங்களும் ஒளியைச் சிதறடிக்கும். இருண்ட அறையில் கூழ்மத்தின் ஊடே ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தினால், அதன் பாதை பக்கவாட்டிலிருந்து பளிச்செனத் தெரியும். உப்புநீர் போன்ற உண்மைக் கரைசலில் அவ்வாறு தெரியாது. ஃபாரடேயுடன் பணியாற்றிய ஜான் டிண்டால் இதனை விரிவாக ஆராய்ந்ததால் இது டிண்டால் விளைவு எனப் பெயர்பெற்றது. கூரை ஓட்டின் இடுக்கு வழியே வீட்டிற்குள் இறங்கும் வெயிற்கதிர், மிதக்கும் தூசியால் ஒரு தூண்போலத் தெரிவதும் ஒளிச்சிதறலே.

1871ஆம் ஆண்டில், பின்னர் ராலே பிரபு என அறியப்பட்ட ஜான் ஸ்ட்ரட் இச்சிதறலுக்குக் கணிதம் வகுத்தார். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளியை நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ 4 மடங்கு மிகுதியாகச் சிதறடிக்கும் என அவர் கணக்கிட்டார். வானத்தின் நீலம் இதனால் விளங்கியது.

கடலின் நீலத்திற்கோ வேறு விளக்கம் தேவைப்பட்டது. அது வானத்தின் எதிரொளிப்பே என்னும் கருத்து நிலவிவந்தது. 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சர் சி. வி. இராமன், நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். நிக்கல் பட்டகம் ஒன்றைக்கொண்டு நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை நீக்கிய பின்னும் அந்நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் முடிவிற்கு அவர் வந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவரும், விருதுநகர் மாவட்ட வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கொல்கத்தாவில் தொடர்ந்த ஒளிச்சிதறல் ஆய்வுகள், 1928ஆம் ஆண்டில் இராமன் விளைவாகக் கனிந்தன. கூழ்ம ஆய்வாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தூய நீரும் ஒளியைச் சிதறடிப்பதால், நீர் தரும் சிதறலைக் கழித்த பின்னரே துகள்கள் தரும் சிதறலை அளக்க இயலும்.

சேர்ந்தால் பெருகும் ஒளி

துகள்கள் திரளும்போது சிதறும் ஒளி ஏன் மாறுகிறது? நீர்மத்தில் 1000 துகள்கள் தனித்தனியே அலைவதாகக் கொள்வோம். ஒவ்வொரு துகளும் சிதறடிக்கும் ஒளியின் செறிவு 1 அலகு எனில், மொத்தம் 1000 அலகு கிடைக்கும். துகள்கள் முறையின்றி அங்குமிங்குமாக நிற்பதால், அவற்றின் ஒளியலைகள் ஒழுங்குபட இணைவதில்லை. செறிவுகள் மட்டுமே கூடுகின்றன.

இப்போது அந்த 1000 துகள்களும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதொரு திரளாக ஒன்றுசேர்கின்றன என்க. மிக நெருங்கி நிற்பதால் அவற்றின் அலைகள் ஒரே தாளத்தில் எழுந்து தாழ்கின்றன. அலைகளின் வீச்சு 1000 மடங்காகிறது. ஒளிச்செறிவு வீச்சின் இருமடியைப் பொறுத்தது. எனவே அத்திரள் சிதறடிக்கும் ஒளி 1000 × 1000, அதாவது 10 லட்சம் அலகு. பொருளின் அளவு மாறவில்லை. ஆனால் சிதறிய ஒளி 1000 மடங்கு பெருகியது. ஆயிரம்பேர் தேர்வடத்தை அவரவர்க்குத் தோன்றியபோது இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலில் ஒருசேர இழுத்தால் தேர் நகரும். ஒளியலைகளுக்கும் இவ்வொற்றுமை பொருந்தும்.

இரண்டிரண்டாக இணைந்தாலே போதும். சிதறும் ஒளி இரு மடங்காகிவிடும். சாதாரண ஒளி நுண்ணோக்கி வேறுபாட்டைக் காட்டாத தொடக்க நிலையிலேயே, திரளத் தொடங்கிவிட்டது என்னும் செய்தியை ஒளி அறிவித்துவிடுகிறது.

இம்முறையின் பெருஞ்சிறப்பு, அது துகள்களைத் தொடுவதில்லை என்பதே. திரள்கள் மென்மையானவை. உறிஞ்சுகுழலில் எடுத்தால் உடைகின்றன. கண்ணாடித் தகட்டில் உலர்த்தினால் சுருங்குகின்றன. ஒளியோ அவற்றைக் கலைக்காமல், அவை வளரும் இடத்திலேயே, வளரும் பொழுதிலேயே அளக்கிறது.

கோணம் கூறும் வடிவம்

திரள் மேலும் வளர்ந்து ஒளியின் அலைநீளத்தை எட்டும்போது மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. திரளின் ஒருபுறத்திலிருந்து வரும் அலைக்கும் மறுபுறத்திலிருந்து வரும் அலைக்கும் இடையே தாளம் தவறுகிறது. முன்னோக்கிச் செல்லும் ஒளியில் இத்தவறுதல் குறைவு. பக்கவாட்டிலும் பின்புறமும் மிகுதி. எனவே பெரிய திரள்கள் ஒளியை முன்புறமாகவே மிகுதியாகச் சிதறடிக்கின்றன. ஒளியுணர்வியைக் கூழ்மக் குடுவையைச் சுற்றிப் பல கோணங்களில் நிறுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் ஒளிச்செறிவை அளந்தால், திரளின் அளவும் உள்ளமைப்பும் புலப்படும். இம்முறை நிலை ஒளிச்சிதறல் எனப்படும்.

இவ்வாறு அளந்தபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. திரள்கள் கூழாங்கல்போல இறுகிய பந்துகளாக இருப்பதில்லை. கிளைத்துக் கிளைத்துப் பரவிய முட்செடியைப்போல உள்ளே வெற்றிடம் நிறைந்திருக்கின்றன. சிறு பகுதியை உருப்பெருக்கிப் பார்த்தாலும் முழுத்திரளைப் போன்ற கிளைப்பே தெரியும். இத்தகைய வடிவம் ஃபிராக்டல் எனப்படும். இறுகிய பந்தின் ஆரம் 10 மடங்கானால் அதிலுள்ள துகள்கள் 1000 மடங்காக வேண்டும். ஃபிராக்டல் திரளிலோ அவ்வாறில்லை. சந்தித்தவுடன் ஒட்டிக்கொள்ளும் துகள்களாலான திரளில், ஆரம் 10 மடங்கானால் துகள்கள் ஏறத்தாழ 63 மடங்கே பெருகுகின்றன. பலமுறை மோதிய பின்னரே ஒட்டும் துகள்களாலான திரளில் அது ஏறத்தாழ 126 மடங்காகிறது. மெதுவாகச் சேரும் துகள்களுக்கு உள்ளிடுக்குகளில் நுழைந்து பொருந்த வாய்ப்புக் கிடைப்பதால், அத்திரள் சற்று அடர்த்தியாக அமைகிறது.

1989ஆம் ஆண்டில் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று தங்கம், சிலிக்கா, பாலிஸ்டைரீன் ஆகிய மூன்று கூழ்மங்களை ஒளிச்சிதறலால் ஒப்பிட்டது. ஒன்று உலோகம், ஒன்று மணலின் வேதிப்பொருள், மற்றொன்று நெகிழி. வேதியியலில் ஒன்றற்கொன்று தொடர்பில்லாத இம்மூன்றும், விரைந்து திரண்டபோது ஒரே வகை வடிவத்தையும், மெல்லத் திரண்டபோது வேறொரு பொது வடிவத்தையும் கொண்டன. துகள் எப்பொருளாலானது என்பதைவிட, அது எவ்வாறு சந்தித்து எவ்வாறு ஒட்டுகிறது என்பதே திரளின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது உறுதியாயிற்று.

நடுக்கம் கூறும் அளவு

1960ஆம் ஆண்டில் லேசர் பிறந்தது. அதன் ஒளியலைகள் ஒழுங்கு குலையாதவை. அத்தகைய ஒளியைக் கூழ்மத்தில் செலுத்தி, சிதறும் ஒளியை ஒரு புள்ளியில் நின்று நோக்கினால், அதன் செறிவு ஓயாமல் ஏறி இறங்குவது தெரியவரும். துகள்கள் இடம்பெயரும்போதெல்லாம் அவற்றின் அலைகள் இணையும் முறை மாறுவதே இந்நடுக்கத்திற்குக் காரணம். 1964ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர், நீரில் மிதந்த பாலிஸ்டைரீன் துகள்களின் அலைவை லேசர் ஒளியால் அளந்து காட்டினர். இம்முறை இயக்க ஒளிச்சிதறல் எனப்படும்.

சிறிய துகள்கள் விரைந்து அலைகின்றன. நடுக்கமும் விரைவாக இருக்கும். பெரிய துகள்கள் மெல்ல அலைகின்றன. நடுக்கமும் மெதுவாக இருக்கும். நீரிலுள்ள 100 நானோமீட்டர் விட்டத் துகள்களுக்குச் செங்கோணத்தில் அளந்தால், நடுக்கம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்திலேயே மாறிவிடும். விட்டம் இரு மடங்கானால் அந்நேரமும் இரு மடங்காகும். திரிதல் தொடங்கிய நொடியிலிருந்து இந்நேரத்தைத் தொடர்ந்து குறித்துவந்தால், திரள்கள் வளரும் வேகம் வரைபடமாகக் கிடைத்துவிடும்.

இதில் கவனம் பிசகலாகாத இடம் ஒன்றுண்டு. மிகச் சிறிய துகள்களுள், ஆரத்தில் 10 மடங்கு பெரிய ஒரு துகள் 10 லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே நீர்மத்தில் தவறி விழுந்த சில தூசுகளே முழு அளவீட்டையும் பொய்யாக்கிவிடும். நீர்மத்தை நுண்வடிகட்டியில் வடித்தல், கலத்தைத் தூசியின்றிக் கழுவுதல், வெப்பநிலையை மாறாது காத்தல், ஒருமுறை சிதறிய ஒளி மீண்டும் சிதறாத அளவிற்குக் கூழ்மத்தை நீர்த்தல் ஆகியன ஆய்வகத்தின் கட்டாய ஒழுங்குகள்.

தெரிந்து தெளிவோம்

கூழ்மத் துகள்கள் திரளும் வேகத்திற்குக் கணிதக் கோட்பாடு வகுத்தவர் போலந்து இயற்பியலாளர் மரியன் ஸ்மோலுகோவ்ஸ்கி. அவர் கணக்கின்படி, அறை வெப்பநிலையில் ஒரு மில்லிலிட்டர் நீரில் 100 கோடி துகள்கள் இருந்து, மோதும் ஒவ்வொரு முறையும் அவை ஒட்டிக்கொண்டால், மூன்று நிமிடங்களுக்குள் துகள்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும். துகள்கள் பத்தில் ஒரு பங்காக இருந்தால் அந்நேரம் பத்து மடங்காகும். கோட்பாட்டின் முழுவடிவம் 1917ஆம் ஆண்டில் வெளியானது. அவ்வாண்டிலேயே அவர் சீதபேதியால் 45ஆம் வயதில் காலமானார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சு. சந்திரசேகர், 1943ஆம் ஆண்டில் எழுதிய நெடிய ஆய்வுக்கட்டுரையில் ஸ்மோலுகோவ்ஸ்கியின் திரிதல் கோட்பாட்டை விரித்துரைத்தார். துகள்களின் அலைவிற்கும் விண்மீன்களின் இயக்கத்திற்கும் பொதுவான நிகழ்தகவுக் கணிதத்தை அக்கட்டுரை ஆராய்கிறது.

குடிநீரில் ஒளியின் காவல்

சீதபேதி, காலரா, டைபாய்டு போன்ற நோய்களின் கிருமிகள் நீர்வழியே பரவக்கூடியவை. கலங்கலை நீக்குவது கண்ணுக்கு இதமளிப்பதற்காக மட்டுமன்று. கிருமிகள் களிமண் துகள்களில் ஒட்டியும் அவற்றின் இடுக்குகளில் மறைந்தும் இருக்கும். கலங்கல் மிகுந்த நீரில் குளோரினைக் கலந்தாலும், துகள்களின் மறைவிலுள்ள கிருமிகளை அது முழுமையாக எட்டாது. எனவே முதலில் துகள்கள் திரண்டு நீங்க வேண்டும்; அதன் பின்னரே கிருமிநீக்கம் பயன்தரும்.

நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் அல்லது அதனையொத்த அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டு, நீர் முதலில் விரைவாகக் கலக்கப்படுகிறது. அலுமினியம் அயனிகள் துகள்களின் மின்சுமையைத் தணிக்கின்றன. நீருடன் வினைபுரிந்து உண்டாகும் கொழகொழப்பான அலுமினியம் ஹைட்ராக்சைடு துகள்களைத் தன்னுள் வாரிக்கொள்கிறது. அடுத்து நீர் மெதுவாகக் கிளறப்படுகிறது. கிளறாவிட்டால் திரள்கள் போதிய அளவு ஒன்றையொன்று சந்திப்பதில்லை. வேகமாகக் கிளறினாலோ உருவான திரள்கள் உடைந்துவிடும். பிறகு திரள்கள் படிய விடப்பட்டு, நீர் மணற்படுகையில் வடிக்கப்பட்டு, இறுதியில் குளோரின் சேர்க்கப்படுகிறது.

இங்கே அளவு தவறினால் முயற்சி வீணாகும். படிகாரம் குறைந்தால் விலக்கு விசை நீங்காது. மிகுந்தாலோ துகள்கள் எதிர்வகைச் சுமையைப் பெற்று மீண்டும் விலகி நிற்கலாம். நீரின் காரத்தன்மையும் குறைந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதுவும் சான்று. மழைக்காலத்து ஆற்றுநீருக்கு ஏற்ற அளவு கோடைக்காலத்து ஏரிநீருக்குப் பொருந்தாது. ஆதலால் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கலங்களில் ஒரே நீரை எடுத்து, வெவ்வேறு அளவில் படிகாரம் சேர்த்துக் கிளறி, எது நன்கு தெளிகிறது என்று பார்க்கிறார்கள்.

அத்தெளிவை முடிவுசெய்வது ஒளியே. கலங்கல்மானி என்னும் கருவி நீரில் ஒளிக்கற்றையைச் செலுத்தி, அதற்குச் செங்கோணத்தில் சிதறும் ஒளியை அளக்கிறது. அவ்வளவு ‘என்.டி.யு.’ என்னும் அலகில் குறிக்கப்படும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், கலங்கல் 1 அலகிற்கு மிகாதிருத்தலே ஏற்புடையது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 5 அலகு வரை அனுமதிக்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் 1 அலகிற்கு மேற்பட்ட கலங்கல் இருக்கலாம். கண் காணத் தவறுவதைக் கருவி காண்கிறது.

எனினும் கருவி சொல்வதையும் அளந்தே கொள்ள வேண்டும். கலங்கல்மானி துகள்களின் சிதறலைக் காட்டுமேயன்றி, அவை களிமண்ணா, பாசியா, கிருமியா என்று பிரித்துக் கூறாது. நீரில் முற்றிலும் கரைந்துள்ள ஆர்சனிக், புளூரைடு போன்றவற்றை அது அறியவே அறியாது. தெளிந்த நீர் யாவும் தூய நீராகிவிடாது. தெளிவு தூய்மைக்கு முதற்படி, அதுவே முடிவன்று.

கண்ணும் குருதியும்

உயிருடலிலும் கூழ்மத் திரட்சி நிகழ்கிறது. கண்வில்லை மிகச் செறிந்த புரதங்களால் ஆனது. அப்புரதங்கள் நெருங்கி ஒழுங்காக அமைந்திருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது. முதுமை முதலிய காரணங்களால் புரதங்கள் திரளும்போது, வில்லை ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகிறது, பார்வை மங்குகிறது. இதுவே கண்புரை. ஆல்ஃபா-கிரிஸ்டலின் என்னும் புரதம் மற்றப் புரதங்கள் திரளாதவாறு காக்கிறது. அதன் இருப்புக் குறைவதை, புரை வெளிப்படுவதற்கு முன்பே இயக்க ஒளிச்சிதறலால் அறியலாம் என்று அமெரிக்காவின் நாசாவும் தேசியக் கண் நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு காட்டியது. விண்வெளிச் சோதனைகளுக்காக உருவான நுட்பம் கண் மருத்துவத்திற்கு வந்து சேர்ந்தது.

திரட்சி சில இடங்களில் நோயாக அமைய, சில இடங்களில் நோயறியும் கருவியாகவும் அமைகிறது. பாலிஸ்டைரீன் துகள்களின்மீது குறிப்பிட்ட புரதத்தைப் பூசி, நோயாளியின் குருதிநீருடன் கலக்கின்றனர். அக்குருதிநீரில் தேடப்படும் எதிர்ப்பொருள் இருந்தால், அது துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கும், துகள்கள் திரளும். 1956ஆம் ஆண்டில் முடக்குவாத மூட்டழற்சியைக் கண்டறிய இம்முறை அறிமுகமானது. தொடக்கத்தில் கண்ணால் பார்த்துத் திரட்சியை அறிந்தனர். பின்னர் ஒளியை அளக்கும் கருவிகள் அதனை எண்ணாகத் தந்தன.

இழைத்த விதையின் சாற்றால் சேறு படிவதும், உப்பால் பொன்னின் சிவப்பு நீலமாவதும், முதியவர் கண்ணில் புரை படர்வதும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகத் தோன்றலாம். சிறியவை சந்தித்து ஒட்டுவதும், ஒட்டியவை ஒளியின் போக்கை மாற்றுவதும் அவை அனைத்திற்கும் பொதுவானவை. பானையருகே அமர்ந்து நீர் தெளிவதைக் கண்ட பழந்தமிழரின் உற்றுநோக்கலும், குடுவையருகே கோணங்களை அளக்கும் இன்றைய ஆய்வாளரின் உற்றுநோக்கலும் ஒரே இயல்பின. கலங்கலைக் கண்டு விலகாமல், அதற்குள் நடப்பதை அறிய முயல்வதே அவ்வியல்பு.

சொல்லும் பொருளும்

தேற்றுதல் – தெளியச் செய்தல்
இழைத்தல் – தேய்த்தல்
திரள் – கூட்டம், தொகுதி
அலைவு – ஓரிடத்தில் நில்லாத அசைவு
ஊடகம் – துகள்கள் பரவி நிற்கும் பொருள்

கற்பவை கற்றபின்

1. கண்ணாடிக் குவளை நீரில் சில துளிப் பாலைக் கலந்து, இருண்ட அறையில் கைவிளக்கின் ஒளியைச் செலுத்துக. பக்கவாட்டிலும் எதிர்ப்புறத்திலும் தோன்றும் நிறங்களை ஒப்பிட்டு எழுதுக. பின்னர்ச் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாற்றத்தைக் குறிப்பிடுக.

2. ஒரே அளவு சேற்றுநீரை நான்கு குவளைகளில் எடுத்து, மூன்றில் வெவ்வேறு அளவு படிகாரம் சேர்த்துக் கிளறி, ஒரு மணி நேரத்திற்குப் பின் காணும் தெளிவை அட்டவணைப்படுத்துக. இந்நீரைப் பருகலாகாது.

மதிப்பீடு

1. மணல் விரைந்து படிவதும் களிமண் நெடுநாள் மிதப்பதும் ஏன்?
2. 100 துகள்கள் ஒரு சிறுதிரளாக ஒன்றுசேர்ந்தால், சிதறும் ஒளி எத்தனை மடங்காகும்? கணக்கிட்டுக் காட்டுக.
3. விரைந்து திரண்ட திரளும் மெல்லத் திரண்ட திரளும் அமைப்பில் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. ‘தெளிந்த நீர் யாவும் தூய நீராகிவிடாது’ – கலங்கல்மானியின் பயனையும் எல்லையையும் சுட்டி இக்கூற்றை நிறுவுக.